கலெக்டர் கூட்டம்

மணி அடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்தான். திங்கட்கிழமையிலிருந்து காலையில் விளையாடுகிற பிள்ளைகள் மட்டும் உள்ளே வந்தால் போதும், மற்றவர்கள் பள்ளி திறக்கிற நேரத்துக்கு வாருங்கள். சத்தமாகக்கூடச் சொல்ல வேண்டாம், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். மத்தியானம் ஹெச்.எம். என்னிடம் சொன்னதும் அப்படித்தான். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், பி.டி. சார், கேட் சாவி உங்ககிட்டதான இருக்கு, நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும் என்றார். வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. சரிங்க சார் என்றேன். இந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும், விசில் ஊதியதைவிட அதிகம். விசில் இப்போது வாயில் இருக்கிறது, ஊதவில்லை, சும்மா கடித்துக்கொண்டு நிற்கிறேன், பல்லிடுக்கில் அதன் இரும்பு ருசி. எதிரே பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு பெயருக்கு என்னுடையது, ஆனால் கணக்கு வாத்தியார் வேலாயுதம் எடுத்துக்கொள்வார், இன்றைக்கு அவர் லீவு. அவர் லீவு போட்டால்தான் என் பீரியடு எனக்குத் திரும்பி வரும், தொலைந்த மாடு சாயங்காலம் தானாக வீடு வந்து சேருகிற மாதிரி. பையன்கள் கபடிக் கோட்டுக்குள் புழுதி கிளப்புகிறார்கள். பெண்பிள்ளைகள் ரிங் வீசுகிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் என்றால் கலெக்டர் கூட்டம், ஐந்து பேர். மைதானத்துக்குப் புத்தகம் கொண்டுவரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம், அதனால் வெறுங்கையோடு உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் எஸ்தர் நவமணி விரலை மடக்கி மடக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம்தான் சொல்ல வேண்டும்.

கலெக்டர் கூட்டம் என்று பெயர் வைத்தது யார் என்று யோசித்தால் யாருமே இல்லை, அது தானாக விழுந்த பெயர். இவர்கள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டு விழா, சிறப்பு விருந்தினராக ஒரு மில் முதலாளி வந்திருந்தார், மாலையின் எடையில் கழுத்து முன்னால் சாய்ந்திருந்தது. பரிசு வாங்க மேடையில் நின்ற பிள்ளைகளிடம் மைக்கை நீட்டி, நீ பெரிய ஆளாகி என்ன ஆகப் போற என்று கேட்டுக்கொண்டே போனார். முதலில் நின்றவள் எஸ்தர், கலெக்டர் என்றாள். அடுத்து காளிராஜ், அவனும் கலெக்டர். மூன்றாவது பிள்ளையும் கலெக்டர் என்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு, நாலாவது சொன்னபோது சிரிப்பு, ஐந்தாவது சொல்ல வாய் திறப்பதற்குள்ளேயே மைதானம் முழுக்கக் கலெக்டர் என்று கத்தியது. மில் முதலாளியும் சிரித்தார், மாவட்டத்துக்கு ஒருத்தர் போதாதா என்று மைக்கிலேயே கேட்டார். நானும் சிரித்தேன், நல்ல பகடிதான். மேடையிலிருந்து இறங்கும்போது அந்த ஐந்து பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஒட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கு முன்னால் அவர்கள் ஐந்து பெஞ்சில் உட்கார்ந்த ஐந்து பிள்ளைகள், ஒருத்தரோடு ஒருத்தர் பேசி நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு சேர்ந்து. வேறு யாரோடு சாப்பிடுவது, வேறு எங்கே போய் உட்கார்ந்தாலும் வாங்க கலெக்டர் அம்மா, உக்காருங்க கலெக்டர் ஐயா. ஆக கூட்டம் சேர்த்தது மற்றவர்கள். இப்போது அந்த மற்றவர்களேதான் சொல்கிறார்கள், அதுங்க யாரோடயும் சேராது சார், தனிக் கூட்டம் என்று. இதில் எது முதலில் வந்தது என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. எனக்கு நேரமிருக்கிறது, நிற்பதும் பார்ப்பதும்தான் என் வேலை.

முனீஸ்வரன் பாடிக்கொண்டு போகிறான், தொடையைத் தட்டி, மூச்சை அடக்கி, கபடி கபடி கபடி. மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வருகிறான், கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்கூடக் கத்துகிறார்கள். போன வருஷம் மாவட்டப் போட்டி ஜெயித்து வந்த அன்று இவன் பஸ் நிலையத்திலேயே சொன்னான், நான் இந்தியாவுக்கு விளையாடுவேன் சார் என்று. தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்தியாவுக்கு விளையாடுவதற்கும் கலெக்டர் ஆவதற்கும் நடுவில் என்ன வித்தியாசம், இரண்டும் இங்கிருந்து ஒரே தூரம்தான். ஒருத்தனைத் தோளில் தூக்கினார்கள், மற்றவர்களுக்குப் பட்டப்பெயர். இதை ரொம்ப நாளாகப் போட்டுக் குழப்பியிருக்கிறேன். ஓடுகிறவன் மூச்சு வாங்குவது எல்லோருக்கும் தெரிகிறது, முழங்கை தேய்ந்து ரத்தம் வருகிறது, தோற்றால் மண்ணில் விழுகிறான், அதை நாலு பேர் பார்க்கிறார்கள். படிக்கிற பிள்ளைக்கு மூச்சு வாங்குவது வெளியே தெரிவதில்லை. மார்க் வந்த பிறகுதான் தெரிகிறது, அப்போது பார்த்தால் ஏதோ சும்மா வந்த மாதிரி இருக்கும். அது ஒன்று. இன்னொன்று வேலாயுதம். அவர் பிரம்பு எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததிலிருந்து இந்த ஐந்து பேரைத்தான் பிரம்பாக வைத்திருக்கிறார். அவங்களப் பாரு, அவங்க மூத்திரத்தக் குடி என்று ஒரு நாள் முனீஸ்வரனைச் சொன்னார், வராந்தாவில் நின்ற என் காதிலேயே விழுந்தது. சொன்னது வேலாயுதம், கோபம் போனது எஸ்தர் மேல். பிரம்பை யாரும் மன்னிப்பதில்லை. என் பீரியடை எடுத்துக்கொண்டபோது அவர் சொன்னார், பிள்ளைகளே கேக்குறாங்க சார், நான் என்ன செய்ய. கேட்டது யார் என்று வகுப்பு முழுக்கத் தானாக முடிவு செய்துகொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன், காளிராஜ் ஒரு நாள் காலையில் வந்து, எங்களுக்கும் விளையாட்டுப் பீரியடு வேணும் சார், எப்ப சார் திரும்பத் தருவாங்க என்று கேட்கிறவரைக்கும். நீங்கதானடா கணக்குப் பாடம் கேட்டீங்க என்றேன். நாங்க எதுக்கு சார் கேப்போம், அவர் நடத்துற வேகத்துக்கு எங்களுக்கே தலை வலிக்குது என்றான். அதைப் போய் வேலாயுதத்திடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, ஸ்டாஃப் ரூமில் அவர் பக்கத்தில்தான் எனக்கு நாற்காலி.

கழிப்பறைப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. யாரோ சரியாக மூடவில்லை. ரிங் விளையாடுகிற பிள்ளைகள் மாறி மாறி அங்கே போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறார்கள், நெற்றியில் தண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டு. அந்தச் சத்தம் இந்தப் பள்ளிக்குப் புதுசு. ஆடி மாசம் வரைக்கும் அந்தக் குழாயில் காற்றுதான் வந்தது. அந்த மாசம் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். சுவரெல்லாம் வெள்ளையடித்து, மைதானத்தில் நான் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளைகள் எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒவ்வொரு வகுப்பாகப் போனார். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசியாக, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, என்ன பிள்ளைகளா, குறை ஏதாவது இருக்கா என்று கேட்டார். இல்லை ஐயா என்று எல்லா வகுப்பும் பாடியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும், அது கேள்வி இல்லை, போய்வருகிறேன் என்பதற்கு அதிகாரிகள் வைத்திருக்கிற வேறு வார்த்தை அது. பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவிலும் கேட்டார். எஸ்தர் எழுந்து நின்றாள். இருக்குங்க ஐயா, பொம்பளப் பிள்ளைக கழிப்பறையில தண்ணி வரல, பத்தாவதுலருந்தே வரல, அதனால நாங்க யாரும் பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறதில்ல என்றாள். முறையிடுகிற குரலே இல்லை, பாடத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்வாளே, அதே குரல். அதிகாரி வெளியே வைத்த காலை உள்ளே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கும் சுருக்கென்றது. ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை, தண்ணீர் இல்லாதது எனக்கும் தெரிந்த விஷயம்தான், கேள்வி என் காதிலும்தான் விழுந்தது.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, யாராவது போய் மூடினால் தேவலை. ஒரே வாரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. கூடவே ஹெச்.எம்.முக்கு மேலேயிருந்து விளக்கம் கேட்டு ஓலையும் வந்தது. திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் ஹெச்.எம். மைக்கைப் பிடித்தார், பள்ளிக்கூட மானத்த ரோட்டுல போட்டாச்சு, இந்த வருஷம் கொடைக்கானல் டூர் கிடையாது, யாருக்கு நன்றி சொல்லணுமோ சொல்லிக்கங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை ஐந்நூறு பிள்ளைகளும் ஐந்து பேரைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். முனீஸ்வரன் அன்று வகுப்புக்குப் போகவில்லை, என் அறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பெரியம்மா மகனிடம் ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தானாம், மாம்பழ நிறத்தில், வீட்டில் போட்டுப் பார்த்தானாம், வேர்த்துக் கொட்டிவிட்டதாம். இந்தக் கரிசல் மண்ணில் ஸ்வெட்டர். அவன் அப்பா லாரியில் கிளீனர், அவரே மலை ஏறியதில்லை. அவன் அழுததை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டூரை நிறுத்தியது எஸ்தர் இல்லை. அவளைக் கேட்டார்கள், அவள் சொன்னாள். அவ பேர் வாங்கத்தான் சார் சொன்னா, அதிகாரி முன்னாடி படம் காட்டுறா என்றான் முனீஸ்வரன். பெயர் வாங்குகிறவள் கழிப்பறையைப் பற்றியா பேசுவாள். வேறு ஆயிரம் விஷயம் இருக்கிறதே. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வருகிற அந்தப் பெண்பிள்ளைகள் அவளைக் கடந்து போகும்போது ரிங்கை வேண்டுமென்றே அவள் பக்கம் உருளவிடுகிறார்கள். அவள் எடுத்துக் கொடுக்கிறாள். தேங்க்ஸ் கலெக்டர் மேடம் என்கிறாள் ஒருத்தி. சொன்னவள் கன்னத்தில் அந்தக் குழாய்த் தண்ணீர் இன்னும் காயவில்லை.

முழங்கால் வலிக்கிறது. நிற்கிற இடத்தை மாற்றினால் சரியாகும், நிழலுக்குப் போகலாம், நிழலில் அவர்கள் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும். காலையில் கேட்டைத் திறப்பது நான்தான், கபடிப் பையன்களுக்கும் ஓட்டப் பயிற்சிக்கும். இருட்டுப் பிரியாத நேரம், தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும், அதில் ஒன்றில் எஸ்தரின் அம்மா போவாள், அந்த வண்டி போனதும் எஸ்தர் வருவாள். வீடு ஒரே அறை, அப்பா ராத்திரி வேலை முடித்து வந்து அப்போதுதான் படுப்பார், விளக்குப் போட முடியாது. என் விளையாட்டு அறை வராந்தாவில் ஒரு டியூப்லைட் இருக்கிறது. அதன் கீழே முதலில் அவள் மட்டும் உட்கார்ந்தாள், பிறகு காளிராஜ், பிறகு மற்ற மூவர். மைதானத்தில் நான் பையன்களை ஓடவைத்துக்கொண்டிருப்பேன், வராந்தாவிலிருந்து முணுமுணுப்பு வரும், இரண்டும் சேர்ந்து கேட்கும். பழகிவிட்டது. ஒரு நாள் அவர்கள் வராதபோது என்னவோ விளக்கு எரியாத மாதிரி இருந்தது, பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு, திங்கட்கிழமை காலையில் அவர்கள் எங்கே போவார்கள் என்று ஹெச்.எம்.மிடம் கேட்டிருக்கலாம். பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. அவர் கை துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார், அந்தக் கூட்டம் கொஞ்சம் கலையட்டும் சார், அப்புறம் டூரப் பத்திக்கூட யோசிக்கலாம். இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை, முனீஸ்வரனையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். பீரியடு தொடங்கும்போதே அவன் என் பக்கத்தில் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவங்களுக்குப் பூட்டுப் போடப் போறீங்களாமே சார் என்றான். போய் விளையாடுலே என்றேன். அவன் விளையாடுகிறான், ஆனால் ஒவ்வொரு முறை கோட்டுக்குத் திரும்பும்போதும் என்னைப் பார்க்கிறான். எல்லோரும் பார்க்கிறார்கள். ரிங் வீசுகிற பிள்ளைகள்கூட வீசிவிட்டுப் பார்க்கிறார்கள்.

எனக்கு அந்தப் பார்வை பிடிக்கும், பொய் சொல்வானேன். இந்தப் பள்ளியில் என்னைப் பிடிக்காத பிள்ளை கிடையாது. அது என் சாமர்த்தியம் இல்லை, என் பீரியடில் பாடம் இல்லை, அவ்வளவுதான், மாங்காய் விற்கிறவனைப் பிடிக்காத பிள்ளை உண்டா. பீரியடு முடிந்து மணி அடித்ததும் வரிசையில் நின்று தேங்க் யூ சார் என்று கத்துவார்கள், எல்லா வகுப்பும் எல்லா வாத்தியாருக்கும் சொல்வதுதான், ஆனால் எனக்குச் சொல்வது மட்டும் சுவரில் மோதித் திரும்பி வரும். உங்களுக்கு மட்டும் இந்தக் கத்துக் கத்துறானுகளே என்று வேலாயுதமே சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்காகத்தான் காலில் வலியோடு இவ்வளவு வருஷம் வெயிலில் நின்றேன் என்று சொன்னாலும் தப்பில்லை. வீட்டில் எனக்கு அப்படி யாரும் கத்துவதில்லை. ஹெச்.எம்.முக்குப் பயமா என்று கேட்டால், பயம்தான், அவர் நினைத்தால் விளையாட்டு வாத்தியாரைக் காம்பவுண்டு சுவருக்குச் செடி நடவைக்கலாம், அடையாள அட்டைக்குக் கயிறு கோக்கவைக்கலாம், வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பயம் பழைய செருப்பு மாதிரி, காலுக்குப் பழகியது. இவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போவது என்பது எனக்குத் தெரியாத பயம். அதனால் சொல்லிவிடலாம். சொன்னால் ஹெச்.எம்.முக்குத் திருப்தி, முனீஸ்வரனுக்குக் கொடைக்கானல், ஸ்வெட்டருக்குக் குளிர். ஐந்து பேருக்கு மட்டும் வெளிச்சம் இல்லை. ஐந்நூறில் ஐந்து என்றால் கணக்கு வாத்தியார்கூட அதைக் கழித்துவிடச் சொல்வார்.

ஆனாலும் வாக்கியத்தில் ஒரு இடம் இருக்கிறது, மத்தியானத்திலிருந்து அதைத்தான் நாக்கால் தடவிக்கொண்டிருக்கிறேன். விளையாடுகிற பிள்ளைகள். ஹெச்.எம். சொன்னது அதுதானே, விளையாடுகிற பிள்ளைகள் மட்டும். யார் விளையாடுகிற பிள்ளை என்று சொல்வது நான்தானே. எஸ்தர் ஒரு ரிங்கைத் தொட்டால் போதும். ரிங் விளையாடுவோம் சார் என்று அவள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு பேர் காதில் விழச் சொன்னால் இன்னும் நல்லது. நான் அவர்களைப் பயிற்சிப் பிள்ளைகள் என்று சேர்த்துக்கொள்வேன், காலையில் ஒரு சுற்று நடக்கச் சொல்வேன், பிறகு வராந்தாவில் உட்காரட்டும். ஹெச்.எம். கேட்டால் விளையாட்டுப் பிள்ளைகள் சார் என்பேன், அவருக்கும் மேலே பேச வழியில்லை. முனீஸ்வரன் முனகுவான், முனகிவிட்டு விட்டுவிடுவான், ஏனென்றால் நான் யாரையும் எதிர்த்திருக்க மாட்டேன். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாமல் முடிந்துவிடும். இது தோன்றியதும் முழங்கால்கூட லேசானது. விசிலை வாயிலிருந்து எடுத்தேன். எஸ்தர், இங்க வாம்மா என்று கூப்பிட்டேன்.

வந்தாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தாள், பின்னால் காளிராஜும் மற்றவர்களும் எழுந்து நின்றார்கள், வரவில்லை. கபடிக் கோட்டில் பாட்டு நின்றுவிட்டது. முனீஸ்வரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு எட்டு முன்னால் வந்து நின்றான், அவன் நின்றதும் எல்லோரும் வந்து நின்றார்கள். வகுப்பு முழுக்க எங்களைச் சுற்றி அரைவட்டம் போட்டுவிட்டது, நான் விசில் ஊதிக் கூப்பிட்டால்கூட இவ்வளவு சீக்கிரம் கூட மாட்டார்கள். நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். நீங்க அஞ்சு பேரும் ஏதாவது விளையாட்டு விளையாடுவீங்கள்ல என்றேன். கேட்கும்போதே தலையை ஆட்டி ஆமாம் என்று காட்டினேன், குருடனுக்குக்கூடத் தெரிகிற ஆட்டல். அவள் என் தலையைப் பார்க்கவில்லை, கேள்வியைப் பார்த்தாள்.

"இல்ல சார். எங்க அஞ்சு பேருக்கும் எதுவும் தெரியாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சரி, தெரியாட்டி என்ன, இனிமே விளையாடுற உத்தேசம் இருக்கும்ல, ரிங்கோ எதுவோ, யோசிச்சுச் சொல்லு என்றேன். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ஐந்து பேருடைய நேரத்தையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பாள், பரீட்சை முடியற வரைக்கும் முடியாது சார், முடிஞ்சதும் வாரோம் என்றாள். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நடக்கும்போது என் நெஞ்சில் ஒன்று கொதித்தது. கோபம்தான். அவளைப் பிடிக்கவே இல்லை எனக்கு. ஒரு சின்னப் பொய், ஒரு வார்த்தை, நான் கையில் எடுத்து நீட்டினேன், வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும், தலைக்கனம், படம் காட்டுறா, அப்படித்தான் நினைத்தேன், முனீஸ்வரனுடைய வார்த்தை அப்படியே என் வாயில் வந்து நின்றது. நின்றதும் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் இவளிடம் இதைத்தான் உணர்கிறார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று எனக்குச் சுருக்கென்றதும் இதுதான். மார்க்கும் இல்லை, கலெக்டரும் இல்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மறைப்பு கட்டிவைத்திருக்கிறோம், அதன் பின்னால் நிற்க இவளுக்குத் தெரியவில்லை, இவள் தள்ளி நின்றால் எங்களுடைய பக்கமும் தெரிந்துவிடுகிறது. இதற்காக ஒரு பிள்ளையைப் பிடிக்காமல் போவது நியாயமில்லை என்று எனக்குத் தெரிகிறது, தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுக்கு சார் கேக்குறீங்க என்றாள். திங்கட்கிழமையிலிருந்து காலையில் விளையாடுகிற பிள்ளைகள் மட்டும்தான் வரலாமாம், ஹெச்.எம். சொல்லச் சொன்னார் என்றேன். சொல்லிவிட்டேன், ஒரே வாக்கியம். அவள் ஒரு முறை திரும்பி வராந்தாவைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததா என்று கவனித்தேன், வரவில்லை, உதட்டை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டாள். தொட்டி நிழலில் காளிராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவர் சொன்னது புரியுது சார். நீங்க சொல்லுங்க, நாங்க வரலாமா, கூடாதா?"

பார்க்கலாம்மா. இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அது, எல்லா வாத்தியாரிடமும் இருக்கிற பதில், தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. பார்க்கலாம்மா என்றால் மணி அடித்துவிடும், திங்கட்கிழமை வந்துவிடும், கேட் சாத்தியிருக்கும், நான் எதுவும் சொல்லவில்லை என்று நானே சொல்லிக்கொள்ளலாம். முனீஸ்வரன் புழுதி படிந்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அந்தக் கண்ணில் மலை தெரிகிறது, நான் பார்த்து வளர்த்த பையன். அவனைப் பார்த்தால் பதில் வராது. குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சொன்னேன், வரலாம். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. ஹெச்.எம். கேட்டா என்ன சார் சொல்ல என்றாள். பி.டி. சார் வரச் சொன்னார்னு சொல்லு. சரி சார் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினாள், இரண்டடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்டால் அப்படியே சொல்வாள். கூட்டாமல், குறைக்காமல், தேதி நேரத்தோடு, நான் நின்ற இடத்தையும் சேர்த்துச் சொல்வாள். இனிமேல் நான் சொல்லவில்லை என்று எங்கேயும் சொல்ல முடியாது.

மணி அடித்தது. பழக்கத்தில் விசிலை ஊதினேன், பழக்கத்தில் வரிசையில் வந்து நின்றார்கள். வரிசையின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல், மெதுவாகத்தான், ஆனால் கேட்கட்டும் என்றே, பி.டி. சாரும் கலெக்டர் ஆயிட்டாருடே என்றது. யாரும் சிரிக்கவில்லை. முனீஸ்வரன் முழங்கையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே தரையைப் பார்த்தான். நான் கையை உயர்த்தி இறக்கினேன். சுவரில் மோதித் திரும்புகிற சத்தத்துக்குக் காது தானாகத் தயாரானது. நாற்பது வாய் அசையாமல் நின்றது. வரிசைக் கடைசியில் ஐந்து குரல் மட்டும் தேங்க் யூ சார் என்று முழுசாகச் சொன்னது. பிறகு எல்லோரும் பையை எடுக்கக் கலைந்து போனார்கள். நான் போய்க் குழாயை மூடினேன்.